முழங்காலில நிண்ட நிழல்

பத்திநாதன் அந்த வீட்டுக்கு வந்த அண்டைக்கு, கதவைத் திறந்த மலரக்கா முதல்ல பாத்தது ஆளை இல்லை, ஆளுக்குப் பின்னால வாசல்ல கிடந்த நிழலைத்தான், ஏனெண்டா ஆள் பையும் கையுமா நிமிர்ந்து நிண்டார், நிழலோ ரெண்டு கையையும் முதுகுக்குப் பின்னால வைச்சு, மணிக்கட்டில ஆரோ இறுக்கிக் கட்டிவிட்ட மாதிரி, தலையைக் குனிஞ்சுகொண்டு முழங்காலில நிண்டுது. மலரக்கா நிழலைப் பாத்தா, பேந்து ஆளைப் பாத்தா, பேந்து, "ரெண்டுபேரும் குளிருக்க நிக்காமல் உள்ள வாங்கோ தம்பி, புட்டு ஆறப்போகுது" எண்டா. அவ்வளவுதான் வரவேற்பு.

குசினியில சாப்பிட்டுக்கொண்டிருந்த கடாட்சம் மட்டும் வாயில வைச்ச புட்டை விழுங்காமல் எட்டிப் பாத்து, "என்ன ஐசே, வீட்டுப்பாடம் செய்யேல்லையோ, வாத்தியார் முழங்காலில விட்டிட்டாரோ?" எண்டு கேட்டான். மேசையில இருந்த எல்லாரும் சிரிச்சினம். பத்திநாதன் சிரிக்கேல்லை, கோபிக்கவும் இல்லை. "ஓம் அண்ணை" எண்டிட்டு சப்பாத்தைக் கழட்டினான்.

அந்த வீடு ஒரு குளிர் நாட்டில, பஸ் கடைசியாத் திரும்புற இடத்தில இருந்தது, வீடெண்டா வீடுமில்லை, பேஸ்மென்ட், அங்க எங்கட சனம் அடைஞ்சு கிடந்து எல்லாரும் ஒரே வேலைதான் செய்தவை, காத்திருக்கிற வேலை. ஊரில தங்களுக்கு நடந்ததை விசாரணைச் சபையில போய்ச் சொல்லவேணும், சபை நம்பினா இருக்கலாம், நம்பாட்டி பிளேன் ஏத்தி விட்டிடுவினம், ஏத்தி விட்டா அங்க இறங்கினதும் என்ன நடக்குமெண்டு நினைக்கக் கூடாதெண்டு எல்லாரும் பருப்புக்கறியைப் பற்றியே கதைச்சுக்கொண்டிருப்பினம்.

அந்த வீட்டுக்கு உயிர் எண்டா அது சிவகடாட்சம்தான். தலை வழுக்கை, லைட் வெளிச்சத்தில பளபளக்கும், "என்ர தலையில முகம் பாத்து நீங்கள் சவரம் எடுக்கலாம்" எண்டு தானே சொல்லுவான். குரல் எடுக்கிறதில அவனை அடிக்க ஆளில்லை. கோழியெண்டா கோழி, பாதிரியாரெண்டா பாதிரியார், மேல்வீட்டுக்காரி பூனையைக் கூப்பிடுற மாதிரிக் கூப்பிட்டா பூனை இவனிட்டத்தான் வரும். சனிக்கிழமை மத்தியானம் சாப்பிட்டு முடிய அந்தக் குசினியில ஒரு கோடு கூடும், பொய் விசாரணைக் கோர்ட். ஆருக்கு விசாரணை கிட்டுதோ அவரைக் கதிரையில இருத்திப்போட்டு, கடாட்சம் மலரக்கான்ர கறுப்புச் சால்வையைப் போத்து, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, கண்ணாடிக்கார அம்மாவா மாறியிடுவான், அவதான் சபையில கதிரையில இருந்து கேள்வி கேக்கிறவ.

"உங்களைக் கொண்டுபோன ட்ரக் பச்சையோ, கடும் பச்சையோ?"

"பச்சை, அம்மா."

"போன வருசம் வெறும் ட்ரக் எண்டீங்கள். இப்ப எங்கயிருந்து பச்சை வந்தது? சரி, அடிச்சாங்கள் எண்டீங்கள். அப்ப மணி என்ன?"

"தெரியாதம்மா, கண்ணைக் கட்டியிருந்தது."

"அடிக்கிறவனிட்டக் கேட்டிருக்கலாமே?"

சிரிச்சுச் சிரிச்சு மலரக்காவுக்கு விக்கல் எடுக்கும். சிரிப்பெல்லாம் சிரிப்புத்தான், ஆனா அந்தக் கோட்டில பழகித்தான் கனபேர் சபைக்குப் போனவை.

கடாட்சமும் அப்பிடித்தான் போனவன். தன்ர கதையைத் தானே கேள்வி கேட்டு, தானே பதில் சொல்லி, தேவாரம் மாதிரிப் பாடமாக்கி வைச்சிருந்தான். தரவைக்கு, அந்த மரமில்லாத வெட்டவெளிக்கு, எப்பிடிக் கொண்டுபோனவங்கள், எப்பிடி வரிசையில முழங்காலில விட்டவங்கள், ஆமிக்காரன் எப்பிடிக் கொன்னைத் தமிழில "ஏய்! தலே கீளே! கீளே பாக்குறது!" எண்டு கத்தினவன், எல்லாத்தையும் குரலோட செய்து காட்டுவான், அந்த இடத்தில எல்லாரும் வயித்தைப் பிடிச்சுக்கொண்டு சிரிப்பினம், சிரிப்பு அடங்க முதல் கதை ஒரே தாவாத் தாவி முகாமுக்குள்ள போய் நிக்கும். தாவின இடத்துக்குக் கீழ என்ன கிடந்ததெண்டு ஒருத்தரும் கேட்டதில்லை. சபையிலயும் அப்பிடியே செய்து காட்டினான், மொழிபெயர்ப்பாளர் உதட்டைக் கடிச்சுச் சிரிப்பை அடக்கினார், கடாட்சம் வெண்டிட்டன் எண்டு நினைச்சுக்கொண்டு வந்து எல்லாருக்கும் ரோல்ஸ் வாங்கிக் குடுத்தான்.

கேஸ் ரிஜெக்ட்.

வீட்டில எல்லாற்ற கேஸையும் பாக்கிற லோயர் மிஸ் வந்து விளங்கப்படுத்தினா. முதல் சொன்னதுக்கும் பேந்து சொன்னதுக்கும் ஒரு சொல்லுத்தானும் பிசகேல்லையாம், மனப்பாடம் பண்ணின மாதிரி இருக்காம். அதோட சிரிச்சவராம். உண்மையா அனுபவிச்சவர் அப்பிடிச் சிரிச்சுச் சொல்லமாட்டாராம்.

"மலரக்கா ரெண்டுதரமும் ரெண்டு விதமாச் சொன்னா எண்டு ரிஜெக்ட் பண்ணினவை" எண்டான் கடாட்சம். "பிசகினாலும் பொய், பிசகாட்டியும் பொய். அழுதா நடிப்பு, அழாட்டிக் கல்லு. அப்ப என்ன மிஸ், ஒரு கண்ணால அழுது மற்றக் கண்ணால சிரிக்கட்டோ?" அதையும் அவன் செய்து காட்டினான், மிஸ்ஸும் சிரிச்சிட்டா, ஆனா அவவுக்குக் கண் கலங்கினது. இன்னொருக்கா விசாரிக்கக் கேட்டு அவ மேல எழுதினா. அந்த ரெண்டாவது விசாரணைதான் கடைசி. அதுக்குப் பிறகு பிளேன்தான்.

இப்பிடி ஒருத்தன் வாயால சொல்லிச் சொல்லித் தேஞ்சுபோய் இருக்கிற வீட்டுக்குள்ளதான், வாயே திறக்காமல், சாட்சியை நிலத்தில இழுத்துக்கொண்டு பத்திநாதன் வந்து இறங்கினான்.

சனம் அந்த நிழலுக்குக் கெதியாப் பழகிட்டுது. மலரக்கா முதல் கிழமையே குசினி லைட்டை மாத்திப் போடுவிச்சா, நிழல் வெறும் சீமெந்தில முழங்கால் தேய நிக்காமல் பாயில விழட்டும் எண்டு. சின்னப் பிள்ளையள் ஓடி விளையாடேக்க அதை மிதியாமல் சுத்திப் போகப் பழகிச்சுதுகள். கோயில்ல ஐயர் தீபம் காட்டேக்க அந்தப் பக்கம் கொஞ்சம் தட்டைப் பதிச்சுக் காட்டுவார், ஏனெண்டா அதுக்கு எழும்பிக் கண்ணில ஒத்த ஏலாது, கையும் கட்டியிருக்கு, கும்பிட வந்த பொம்பிளையள் நிலத்தில அதின்ர நெத்தி இருக்கிற இடம் பாத்துத் திருநீறு பூசிவிட்டினம். பத்திநாதன் தான் வேதக்காரன், சேர்ச்சுக்குப் போறவன் எண்டு சொல்லிப் பாத்தான். "நீர் வேதமா இரும் தம்பி, அது பாவம் என்னவோ" எண்டிட்டினம். பஸ்காரரும் பழகிட்டினம். அந்த ஊர் பஸ்ஸுகள் ஊண்டுதடிக்காரர், கிழவியள் வந்தா உஸ்ஸெண்டு காத்தை விட்டு முன்பக்கம் பதிஞ்சு முழங்கால் மடக்குற பஸ்ஸுகள். பத்திநாதன் இளந்தாரி, தாவி ஏறுவான், ஆனா நிழல் படியில தட்டுப்பட்டு ஏறமாட்டாமல் நிக்கும். சிவப்புத் தொப்பிக்கார டிரைவர் மனிசி ஒருநாள் அதைக் கண்ணாடியில கண்டிட்டு, ஒண்டும் கேக்காமல் பஸ்ஸைப் பதிச்சுவிட்டா. அதுக்குப் பிறகு அந்தப் பாதையில ஓடுற ஒவ்வொரு பஸ்ஸும் பத்திநாதனைக் கண்டா முழங்கால் மடக்கிச்சுது, ஏற நிண்ட சனமும் நிழல் ஏறி முடியுமட்டும் பேசாமல் நிண்டுது.

கடாட்சத்துக்குப் பத்தினது அங்கதான். "எழும்படா ராசா, பஸ் போகுது!" எண்டு ஒவ்வொரு நாளும் நிழலைப் பாத்து ஆமிக்காரன்ர குரலில கத்துவான். சனம் முந்தி மாதிரிச் சிரிக்கேல்லை. எனக்கு ஒருநாளாவது ஒரு பஸ் குனிஞ்சிருக்கோ எண்டு அவனுக்கு நெஞ்சு எரிஞ்சுது. முந்தி அவன்ர சோத்துக்கோப்பையில விழுந்த மீன்தலை இப்ப பத்திநாதன்ர கோப்பையில விழுந்தது. மிஸ் வந்தா முந்தி கடாட்சத்திட்ட ஒரு பகிடி கேட்டிட்டுத்தான் இருப்பா, இப்ப நேர பத்திநாதனிட்டப் போய்க் குனிஞ்சு நிலத்தைப் பாத்து, "இண்டைக்கு எப்பிடி இருக்கு?" எண்டு கேக்கிறா. சனிக்கிழமைக் கோட்டுக்கும் ஆள் குறைஞ்சுபோச்சு. "அவனுக்கென்ன பழக்கம் வேணும்? அவன்ர சாட்சி அவன்ர காலடியிலயே கிடக்கு" எண்டு சொல்லுவினம், சொல்லேக்க அவையின்ர குரலிலயும் கொஞ்சம் புளிப்பு இருந்தது, ஏனெண்டா அந்த வீட்டில காயத்தை நினைச்சுப் பொறாமைப்படாத ஆள் ஒருத்தருமில்லை. ஒருத்தருக்கு முதுகில தழும்பு எண்டா மற்றவருக்குத் தன்ரது ஆறிப்போச்செண்ட கவலை.

கடாட்சம் தன்ர நிழலோட சண்டை பிடிக்கத் தொடங்கினான். வெயில் எறிக்கிற நாள் பாத்து விளையாட்டுத் திடலுக்குப் போய், "நீயும் அங்கதானே நிண்டனீ? உனக்கு வெக்கமில்லையே? அவன்ர நிழலைப் பார், எவ்வளவு கெட்டித்தனம்!" எண்டு பேசினான். நிழல் அவன் கையை ஆட்டினா கையை ஆட்டிச்சுது. கையைப் பின்னால கட்டி முழங்காலில நிண்டான், நிழலும் நிண்டுது, மெல்ல எழும்பினான், நன்றி கெட்டது, கூடவே எழும்பிட்டுது. வழுக்கைத்தலை நிழல், சந்தோசமான நிழல், நாய்க்குட்டி மாதிரிப் பின்னால ஓடி வாற நிழல். ஊஞ்சலுக்குப் பக்கத்தில நிண்ட ஒரு தாய் தன்ர பிள்ளையைக் கையில பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போயிட்டா.

பத்திநாதன்ர விசாரணை கிட்டினது. சபை கேட்டபடி ஒரு டொக்டர் வந்து, நாடாவால நிழலை அளந்து, கட்டு எந்தப் பக்கம், கோணம் எவ்வளவு எண்டு பாத்து எழுதினார். மிஸ் அதை வாசிச்சுச் சொன்னா. நிழல் அவர் சொல்லுற சம்பவத்தோட ஒத்துப்போகுதாம், ஆனா வேற காரணத்தாலயும் வந்திருக்கலாமாம்.

"வேற என்ன காரணத்தால நிழல் முழங்காலில நிக்கும்?" எண்டு மலரக்கா கேட்டா.

"சத்துக் குறைவு" எண்டான் கடாட்சம் டொக்டரின்ர குரலில, இருமிக் காட்டி. அவன் மட்டும்தான் சிரிச்சான்.

அப்பத்தான் மிஸ் அவனைப் பாத்து, "நீங்கள் அவரோட ஒரே அறையில இருக்கிறீங்கள். நிழல் எந்த நேரமும் இப்பிடித்தான் இருக்கெண்டு வந்து சொல்லுவீங்களா? ஆனா கவனம், உங்கட கதையை வாய் திறந்து சொல்லக்கூடாது. அங்க சொல்லுற ஒவ்வொரு சொல்லும் பதிவாகும், உங்கட கேஸோட ஒப்பிட்டுப் பாப்பினம். புதுசா ஒண்டு வந்தா, இவ்வளவு நாளும் ஏன் மறைச்சனீங்கள் எண்டு கேப்பினம்" எண்டா.

"வாறன் மிஸ்" எண்டான் கடாட்சம் உடன. பத்திநாதன் நிமிர்ந்து பாத்தான். கடாட்சம் வேற பக்கம் பாத்தான். அவன்ர மனசுக்குள்ள அந்த நேரம் இருந்தது நல்லது இல்லை. நான் ஒண்டையும் வடிவாக் கவனிக்கேல்லை அம்மா, எண்டு சொல்லிப்போட்டு வருவம், பாப்பம் அவன்ர நிழல் அப்ப எழும்புதோ எண்டு. அப்பிடித்தான் நினைச்சுக்கொண்டு பஸ் ஏறினான், பஸ் பத்திநாதனுக்காகக் குனிய, அந்தக் குனிஞ்ச படியிலதான் அவனும் கால் வைச்சு ஏறினான்.

சபை அறையில பாத்தா நிழலே இல்லை. பத்திநாதன்ர நிழல் மட்டுமில்லை, ஒருத்தர்ர நிழலும் இல்லை. முகடு முழுக்க வெள்ளை லைட், எல்லாப் பக்கத்தாலயும் வெளிச்சம், கதிரைக்குக்கூட நிழல் விழேல்லை. மிஸ் கொண்டுவந்த மேசை லாம்பைக் கொளுத்தினா, முகட்டு வெளிச்சம் அதைக் குடிச்சிட்டுது. முகட்டு லைட்டை நூத்து அறையை இருட்டாக்கலாமோ எண்டு கேட்டா. அது இந்த மாடியில நூக்க ஏலாதாம், எல்லாம் வேற கட்டடத்தில இருந்துதான் நூக்கிறதாம்.

"நிழல் இருக்கெண்டு சொல்றீங்கள்" எண்டா கண்ணாடிக்கார அம்மா, நிசமான கண்ணாடிக்கார அம்மா, கடாட்சம் குசினியில செய்த அதே குரலில, அவனுக்கே ஒருக்காத் திடுக்கிட்டது. "இங்க காணேல்லை. சரி மிஸ்டர், என்ன நடந்ததெண்டு சொல்லுங்கோ."

பத்திநாதன் வாயைத் திறந்தான். மூடினான். திரும்பத் திறந்தான். "தரவை" எண்டான். அதுக்கு மேல ஒரு சொல் வரேல்லை. மொழிபெயர்ப்பாளர் அந்த ஒரு சொல்லை மாத்திச் சொல்லிப்போட்டு மிச்சத்துக்குக் காத்துக்கொண்டிருந்தார். அம்மா எழுதினா. எழுதுற சத்தம் கேட்டுது.

"சாட்சிக்காரர்" எண்டா. "நீங்கள் சொல்லுங்கோ. அந்த நிழல் எப்பிடி இருக்கும்?"

கடாட்சம் எழும்பினான். வடிவாக் கவனிக்கேல்லை எண்ட சொல் நாக்கு நுனியில தயாரா இருந்தது. ஆனா அவன் குரல் எடுக்கிறவன், ஒருத்தரைப் பற்றிச் சொல்லு எண்டா அவனுக்குச் சொல்லத் தெரியாது, செய்துதான் காட்டத் தெரியும், அது கையும் காலும் படிச்ச பழக்கம், அவனைக் கேட்டு நடக்கிறேல்லை. கதிரையைத் தள்ளிப்போட்டு அந்தக் கம்பளத்தில முழங்காலில நிண்டான். கையைப் பின்னால கொண்டுபோனான். தலையைக் குனிஞ்சான்.

"இப்பிடி, அம்மா" எண்டான்.

ஆமிக்காரன்ர குரல் வருமெண்டு பாத்தான். வரேல்லை. அவன்ர குரலும் வரேல்லை. எழும்பப் பாத்தான், ஏலேல்லை. கம்பளத்தையே பாத்துக்கொண்டிருந்தான். வெறும் கம்பளம், ஒரு நிழலுமில்லை.

"தலை குனிஞ்சிருந்தா ஆக்களைப் பாக்க ஏலாது" எண்டான் பேந்து. "நிலத்தைத்தான் பாக்கலாம். பின்நேர வெயில், முதுகில சுட்டுது. எல்லாற்ற நிழலும் முன்னால வரிசையாக் கிடந்தது. என்ர தம்பி எனக்குப் பக்கத்தில. சேந்தன். அவனுக்கு உச்சியில சுழி, எவ்வளவு எண்ணெய் வைச்சாலும் நாலு மயிர் நட்டுக்கொண்டு நிக்கும், நிழலிலயும் அது தெரிஞ்சுது. நான் அதைத்தான் பாத்துக்கொண்டிருந்தனான். அது நிக்குது எண்டா அவன் நிக்கிறான். அப்ப சத்தம் கேட்டுது. அந்த நிழல் முன்னால வந்து, கட்டையாகி, பேந்து... நிலத்தோட நிலமாப் போச்சு. நான் திரும்பிப் பாக்கேல்லை. கீழ பாக்கச் சொன்னவங்கள்."

மிஸ் கண்ணை மூடிக்கொண்டிருந்தா.

"பத்திநாதன்ர நிழலும் அப்பிடித்தான், அம்மா. கட்டு அதே கட்டு. வேற காரணத்தால அப்பிடி நிக்க ஏலாது. நிண்டவனுக்குத் தெரியும்."

கண்ணாடிக்கார அம்மா கதிரையை விட்டு எழும்பி, மேசைக்கு மேலால எட்டி அவன் முழங்காலில நிக்கிறதைப் பாத்தா. பேந்து இருந்து, குரலைத் தணிச்சு, "இந்தத் தம்பியைப் பற்றி உங்கட சொந்த விசாரணையில நீங்கள் ஒண்டும் சொல்லேல்லையே?" எண்டா.

"இல்லை, அம்மா."

அவ அதையும் எழுதினா. பேந்து பத்திநாதன்ர பக்கம் திரும்பி, பதிவுக்காகச் சத்தமா, நான் நம்புறன் எண்டா. பத்திநாதன் வந்துதான் கடாட்சத்தின்ர கக்கத்தில கை குடுத்துத் தூக்கிவிட்டான்.

வெளியில வெயில் எறிச்சுது. பஸ் தரிப்புக்குப் போற வழியில பத்திநாதன்ர நிழல் எழும்பி நிண்டுது. கை இன்னும் பின்னாலதான், ஆனா நிண்டுது, கனகாலம் இருந்து கால் விறைச்சவன் மாதிரி ஒரு காலை உதறிப் பாத்துது. "பாரடா, உன்ர ஆள் எழும்பிட்டார்!" எண்டு கடாட்சம் கத்தினான், கத்தேக்க அந்தப் பழைய எரிச்சல் ஒருக்கா நெஞ்சில மூண்டுது, பார், இதுவும் அவனுக்குத்தான் நடக்குது. பேந்து அடுத்த அடி வைக்க ஏலாமல் நிண்டான். ஆரோ பின்னால இருந்து சேட்டுக் கொலரைப் பிடிச்சு இழுத்த மாதிரி இருந்தது. திரும்பிப் பாத்தான்.

அவன்ர காலடியில ஒரு நிழல் முழங்காலில நிண்டுது. கை பின்னால, தலை கீழ. கடாட்சம் தன்ர வழுக்கையைத் தடவிப் பாத்தான், நிழல் தடவேல்லை. நிழலின்ர உச்சியில நாலு மயிர் நட்டுக்கொண்டு நிண்டுது.

நேர்த்தி வைச்சுக் கேட்ட சாமான் கிடைச்சிட்டுது. ஒரு அடி இழுத்தான், ஈரமண் சாக்கை இழுக்கிற பாரம்.

"இவ்வளவு பாரமோடா?" எண்டான். "நீ ஒருநாளும் சொல்லேல்லையே."

"நீங்கள் கேக்கேல்லையே அண்ணை" எண்டான் பத்திநாதன்.

பஸ் திருப்பத்தில தெரிஞ்சுது. கடாட்சத்துக்குப் பதகளிப்பு வந்திட்டுது, "எழும்படா ராசா, பஸ் போகுது, எழும்படா" எண்டு நிலத்தைப் பாத்துக் கெஞ்சினான், தன்ர சொந்தக் குரலில. பத்திநாதன் அவன்ர தோளில கையை வைச்சான்.

"விடுங்கோ அண்ணை. பஸ் நிக்கும்."

பஸ் வந்து நிண்டுது. சிவப்புத் தொப்பிக்கார மனிசி கதவைத் திறந்து அவனைப் பாத்தா, நிலத்தைப் பாத்தா. ட்ரக் பச்சையோ எண்டு கேக்கேல்லை. மணி என்ன எண்டு கேக்கேல்லை. நேற்று இல்லாதது இண்டைக்கு எங்கயிருந்து வந்தது எண்டும் கேக்கேல்லை. ஒரு பொத்தானை அமத்தினா. அந்தப் பெரிய பஸ் உஸ்ஸெண்டு மூச்சை விட்டு, கடாட்சத்துக்கு முன்னால முழங்கால் மடக்கிச்சுது. பின்னால நிண்ட சனம் பேசாமல் நிண்டுது.

கடாட்சம் படியில கால் வைக்காமல் ஒரு பக்கமா ஒதுங்கி நிண்டான்.

"ஏறு சேந்தா" எண்டான். "முதல்ல நீ ஏறு."